பலகையைப் பார்த்ததும் ஒதுங்குவதா, லேன் முடியும்வரை போவதா?

கேரள எல்லையில் வாளையாறு தாண்டி நான்கு வழியில் ஜம்மென்று வரும் வண்டிகள், கோவை மதுக்கரையில் நீலாம்பூர் பைபாஸுக்குள் நுழையும்போது திணறுவது பல வருஷக் கதை. அங்கே ரோடு இரண்டு வழி. பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு பக்கம் வேலைக்காக ஒரு லேனை அடைத்தாலும் இதே கூத்துதான். லேன் முடிகிறது என்ற பலகையைப் பார்த்ததுமே ஒதுங்கி வரிசையில் சேர்பவரை நல்லவர் என்கிறோம். கடைசிவரை போய்ச் சேர்பவருக்குக் கிடைப்பது வசவு.

ரோடு காலியாக இருந்தால் நல்லவர் செய்வதுதான் சரி. ஓட்டம் குறையாமல் இடைவெளி பார்த்து நுழையலாம், யாரும் பிரேக் போட வேண்டியதில்லை.

நெரிசலில் கதை மாறும். ஒரு லேன் காலியாகக் கிடக்க, மற்றதில் வரிசை இரண்டு மடங்காக நீண்டு, பின்னால் கிளைச் சாலைக்குத் திரும்ப வேண்டியவரையும் சேர்த்து மறிக்கும். ஊர்கிற வரிசையை ஒட்டியே காலி லேனில் ஒருவர் விர்ரென்று வருவார். அவரை விடக் கூடாதென்று ஒரு லாரி இரண்டு லேனையும் அடைத்து நிற்கும். கண்ட இடத்தில் நுழைந்தால், நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரேக், அது பின்னால் வருபவர்களுக்கும் பரவும். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டிப் பார்த்த சோதனையின் முடிவை 2008இல் வெளியிட்டார்கள். தடையே இல்லாத பாதையிலும் நெரிசல் தானாக உருவாகி, பின்னோக்கி நகர்ந்தது.

கடைசியில் சேர்வதென்றால் இரண்டு லேனும் நிறைந்து ஒரே வேகத்தில் வர வேண்டும். முடிகிற இடத்தில் ஜிப் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று. ஜெர்மனியில் இது சட்டம். வரிசையின் நீளம் 40 சதவீதம்வரை குறையும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா போக்குவரத்துத் துறை. ஆனால் குறைவது வரிசைதான். அந்த ஒற்றை லேன் விழுங்கும் வண்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடாது.

நம் ரோட்டில் இன்னொரு சிக்கல், லோடு லாரி. நின்றுவிட்டால் நகர நேரம் பிடிக்கும். அதற்குள் முன்னால் விழும் இடைவெளியில் நாலு பைக் புகுந்துவிடும். அதனால் லாரிகள் முன்பே ஒதுங்கட்டும், கார்கள் கடைசிவரை போகட்டும் என்பேன். மண் ஓரத்தில் இறங்கி முந்துகிறவர்கள் இந்த ஒப்பீட்டிலேயே சேர்த்தி இல்லை.

ஒரே ஒரு கார் மட்டும் இப்படிப் போனால் ஹாரன்தான் கிடைக்கும். 'இங்கே ஒன்றுவிட்டு ஒன்று' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்தால் பாதிச் சண்டை குறையும். அப்புறம், ஒரு வண்டிக்கு வழிவிட்டால் போதும். பாவம் பார்த்து மூன்றை விட்டால் பின்னாலிருப்பவர் பிரேக்கைத்தான் மிதிப்பார்.