ரஃப், ஃபிளேக்8, பைலின்ட்: நெல் கணக்கு நிரலுக்கு எது சரி?

குறுவை அறுவடை தொடங்கினால் டெல்டாவில் கொள்முதல் நிலையங்கள் நிறைந்துவிடும். ஒரு சிப்பம் 40 கிலோ, ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். இந்தக் கணக்கைப் பைத்தானில் புராஜெக்டாகச் செய்ய நினைக்கும் தஞ்சாவூர், மன்னார்குடி மாணவர்களை மனதில் வைத்தே நிரலை ஓட்டாமலே அதிலுள்ள தவறுகளைச் சுட்டிக்காட்டும் இந்த மூன்று லின்டர்களையும் பார்க்கிறேன். நிரலில் ஒரு தவறு என்றால் யாரோ ஒருவருடைய நெல்லுக்கான பணம் குறையும்.

ஒரு ஃபங்ஷன், விவசாயியின் சிப்பங்களை ஒரு லிஸ்டில் சேர்க்கிறது. அந்த லிஸ்டுக்கு இயல்பு மதிப்பாக (டிஃபால்ட்) ஒரு காலி லிஸ்டைக் கொடுத்திருக்கிறோம். ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் பைத்தான் அதை உருவாக்கும். ஆகவே முதலில் வந்தவரின் சிப்பங்கள் அடுத்தவர் கணக்கிலும் போய்ச் சேரும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது.

பைலின்ட் எந்த அமைப்பும் செய்யாமலே இதைச் சொல்லிவிடும். ஃபிளேக்8 தனியாக இருந்தால் கண்டுகொள்ளாது. பக்பேர் என்ற பிளகினை (கூடுதல் இணைப்பு) சேர்க்க வேண்டும். ரஃப்பில் அந்த விதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் ‘பி’ விதித்தொகுதியை நாம்தான் இயக்க வேண்டும். ‘ரஃப் ஒன்றும் சொல்லவில்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது இங்கேதான் ஆபத்து.

மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் மூன்றுமே பிடிக்கும். ஒரு கிளாஸுக்குள் இல்லாத பண்பைக் கேட்டால் பைலின்ட் மட்டும்தான் பிடிக்கும். எந்தப் பொருள் எந்த வகை என்று அது ஊகித்துப் பார்க்கிறது. அந்த உழைப்பால்தான் மெதுவாகவும் ஓடுகிறது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃப் பழைய லேப் கணினியிலும் சட்டென்று முடித்துவிடும்.

தமிழில் மாறிப் பெயர் வைக்கப் பைத்தான் 3 அனுமதிக்கிறது, பைலின்ட் அதற்கும் குறை சொல்லும். ஒரு வரிக்கு ஃபிளேக்8 வைத்திருக்கும் 79 எழுத்து வரம்பில், துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே சேர்வதால் ‘நெல்’ என்பது நான்காக எண்ணப்படும்; தமிழில் கமென்ட் எழுதினால் வரி சீக்கிரம் நிரம்பிவிடும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஃபிளேக்8 தேவையில்லை என்பது என் கருத்து. ‘பி’யை இயக்கி, கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் ரஃப்பை ஓட்டுங்கள். புராஜெக்டைக் கொடுப்பதற்கு முன்னால் பைலின்ட்டை முழுதாக ஓட்டுங்கள். பிழைகளை மட்டும் காட்டச் சொன்னால், மேலே சொன்ன லிஸ்ட் எச்சரிக்கை காணாமல் போய்விடும்.

அப்புறம், ஈரப்பதம் ‘17க்குக் குறைவு’ என்று எழுதிவிட்டால் சரியாக 17 உள்ள நெல் திருப்பி அனுப்பப்படும். அதை மூன்றில் எதுவும் சொல்லாது. 16.9, 17, 17.1 மூன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி வையுங்கள்.