நாடா செய்ய எது தோது: விரலா, இன்கிள் தறியா, சீட்டுக்கட்டா?

லினன் ட்யூனிக், அதாவது பழங்கால நீளச் சட்டை, தைப்பது ஒரு சனிக்கிழமை வேலை. எல்லாம் நேர் வெட்டு, அக்குளில் சின்னதாக இரண்டு சதுரம், பக்கவாட்டில் முக்கோணத் துண்டு, முடிந்தது. அதன் கழுத்திலும் கையோரத்திலும் வைக்கும் கரைதான் ஆளைத் திண்டாட வைக்கும். நான் இருக்கும் குழு சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புற விருந்தில் ஆரம்பித்தது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடை, சமையல், கைத்தொழில், கவசச் சண்டை என்று எல்லாவற்றையும் செய்து பார்ப்பவர்கள். இங்கே உங்கள் உடைக்கு மட்டும் நாடா செய்தால் போதாது. ராஜா ராணியாக இருப்பவர்கள் வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சின்னச் சின்னக் கைவினைப் பரிசுகள் வேண்டும், அதற்கு லார்ஜெஸ் என்று பெயர், அதையும் நாம்தான் டஜன் கணக்கில் செய்து கூடையில் போட வேண்டும்.

கடையில் விற்கும் ஜக்கார்டு ரிப்பனை, அதாவது இயந்திரத்தில் பூ வடிவம் நெய்த நாடாவை, முதலில் முடித்துவிடுகிறேன். பத்தடி தூரத்தில் அழகுதான். ஆனால் பெரும்பாலும் பாலியெஸ்டர், முகாமில் தீ மூட்டி உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் உருகிச் சுருண்டு ஓட்டை விழும். கம்பளி அந்த இடத்தில் கருகுவதோடு நின்றுவிடும். அவசரத்துக்கு வாங்குங்கள், தப்பில்லை.

இனி கையால் செய்வது. நான் மூன்று முறையிலும் செய்திருக்கிறேன்.

செலவே இல்லாதது விரல் பின்னல். ஐந்து நூல் வளையங்களை ஒரு ஆணியிலோ நாற்காலிக் கம்பியிலோ மாட்டி, மறுமுனைகளை இரண்டு கை விரல்களிலும் கோத்துக்கொண்டு, ஒரு விரலை மற்ற வளையங்களுக்குள் நுழைத்து அந்தப் பக்கத்து வளையத்தை இழுத்துவர வேண்டும், அடுத்த கையாலும் அதே. இழுக்கும்போது வளையத்தைத் திருப்பி எடுத்தால் ஒரு மாதிரி, திருப்பாமல் எடுத்தால் வேறு மாதிரிக் கயிறு. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளில் இதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் கைவினைப் போட்டியில் ஆதாரம் கேட்கும் நடுவரிடம் தலை நிமிர்ந்து நிற்கலாம். தலை பின்னிவிட்டுப் பழகிய கைக்கு அரை மணியில் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், நீளம் நம் கை விரிகிற அளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் எதிர்முனையில் உட்கார்ந்து பின்னலை இறுக்கிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும், என் வீட்டில் அந்த ஆள் பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார். அப்புறம், கிடைப்பது கயிறு. சுருக்குப் பை இழுக்க, சட்டை முன்புறம் கோத்துக் கட்ட, காலுறையை மேலாடையோடு முடிய அருமையானது. கழுத்துக் கரைக்கு ஆகாது. லார்ஜெஸ் கூடைக்கு மட்டும் இதை விஞ்ச ஒன்றும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே ஒரு மாலையில் ஐந்தாறு முடித்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டிவிட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்கிள் தறி என்பது முளைகள் அடித்த ஒரு மரச்சட்டம். பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, முளைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறோம், ஒன்று விட்டு ஒரு நூலை ஒரு நூல் வளையம் பிடித்துக்கொள்கிறது, நம் தறிக்காரர்கள் விழுது என்பார்களே, அதேதான். மற்ற நூல்களைக் கையால் மேலே தூக்கு, ஊடையை (குறுக்கு நூலை) விடு, கீழே அழுத்து, ஊடையை விடு. அவ்வளவுதான். மூன்றில் இதுதான் வேகம், எனக்கு மணிக்கு ஓர் அடிக்கு மேல் ஓடும், இடுப்புப் பட்டைக்கு வேண்டிய விறைப்பும் கிடைக்கும். குறை சொல்பவர்கள் இரண்டு சொல்வார்கள். ஒன்று, இது அந்தக் காலத்துக் கருவி இல்லை. உண்மை. இன்கிள் என்ற சொல் நாடாவுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, ஆனால் இந்தச் சட்டம் இப்போதைய வடிவில் அமெரிக்காவில் பரவியது 1930களில்தான். அந்தப் பழைய காலத்தில் துளையும் பிளவும் மாறி மாறி வரும் ஒரு சின்னப் பலகையை வைத்து இதே நாடாவை நெய்தார்கள். நெய்து முடித்த பிறகு எது எதில் நெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இந்தக் குறையை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது குறைதான் நிஜமானது: நீளம். என் தறியில் இரண்டரை மீட்டர் பாவு ஏறும், நெய்யும்போது அதிலும் கொஞ்சம் சுருங்கும். ட்யூனிக்கின் கீழ்விளிம்புச் சுற்றளவு மூன்று மீட்டர். இதைக் கணக்குப் பார்க்காமல் நெய்துவிட்டு, பின்பக்கம் ஒட்டுப் போட்ட உடை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது அட்டை நெசவு. சதுர அட்டை, நான்கு மூலையிலும் துளை, துளைக்கு ஒரு பாவு நூல். இப்படி இருபது அட்டை அடுக்கினால் எண்பது நூல். மொத்தக் கட்டையும் கால் சுற்று திருப்பினால் நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து புது வழி திறக்கும், ஊடையை விட்டு, மறுபடி கால் சுற்று. ஒவ்வொரு அட்டையின் நான்கு நூலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போவதால் நாடா கெட்டியாக, கயிறுகளை அடுக்கித் தைத்ததுபோல இருக்கும். அட்டை இந்தப் பக்கம் சாய்ந்தால் கோடு வலது சரிவு, அந்தப் பக்கம் சாய்ந்தால் இடது சரிவு, இரண்டும் சேரும் இடத்தில் அம்பு முனை. விழுது கட்டும் வேலையே கிடையாது.

அட்டைக்குப் பழைய சீட்டுக்கட்டு போதும், சதுரமாக நறுக்கி ஆபீஸ் பஞ்சால் துளை போடுங்கள். நார்வேயில் ஓஸ்பெர்க் என்ற இடத்தில் கப்பலோடு புதைத்த வைக்கிங் கல்லறை, கி.பி. 834ஐச் சேர்ந்தது, அதில் பாதி நெய்த நாடாவோடு கிடைத்த மர அட்டைகளும் 52தான். சீட்டுக்கட்டும் 52! தற்செயல்தான், ஆனாலும் முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன்.

கஷ்டம் என்று பார்த்தால், முறுக்கு நெய்யும் பக்கம் மட்டும் ஏறாது, அட்டைகளுக்குப் பின்னாலும் ஏறும், ஒரு கட்டத்தில் அட்டையைத் திருப்பவே முடியாது. திசையை மாற்றிச் சுற்றினால் அவிழும், ஆனால் மாற்றிய இடம் நாடாவில் தெரியும். அதையே வடிவமாக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒவ்வொரு அட்டையின் நூலுக்கும் தூண்டில்காரர்கள் மாட்டும் சுழல் கொக்கி ஒன்று கட்டலாம். இன்னொன்று, எழுந்து போகும்போது அட்டைக்கட்டுக்கு ரப்பர் பேண்டு போடுங்கள். நான் போடாமல் காபி எடுக்கப் போய், திரும்பி வந்தபோது இருபது அட்டையும் தரையில், எது எந்தப் பக்கம் பார்த்தது என்று கண்டுபிடிக்க ராத்திரி ஒரு மணி ஆனது.

வேகமும் குறைவு, இன்கிளில் பாதிதான் வரும். ஆனாலும் ட்யூனிக் கரை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பாவின் ஒரு முனையைக் கதவுக் குமிழிலும் மறுமுனையை நம் இடுப்பிலும் கட்டிக்கொண்டால் நீளத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. அகலமாக நெய்தால்தான் கெத்து என்று மட்டும் நினைக்காதீர்கள். சுவீடனில் பிர்கா என்ற வைக்கிங் கால ஊரின் கல்லறைகளில் கிடைத்த பட்டு நாடாக்கள், வெள்ளிச் சரிகை வைத்தவை உட்பட, பெரும்பாலும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு அட்டை தாராளம்.

ஏற்கெனவே இன்கிள் தறி வாங்கிவிட்டேனே என்பவர்களுக்கு: விழுதைக் கழற்றி வைத்துவிட்டு அதே முளைகளில் அட்டைப் பாவை ஓட்டலாம். அட்டைகளை ஒரே கட்டாக வைத்து நான்கு நூலையும் மொத்தமாகக் கோத்துக்கொண்டு, சட்டத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அட்டையை விட்டுவிட்டுப் போனால் இருபது நிமிடத்தில் பாவு தயார். எல்லா அட்டையிலும் அதே நான்கு நிறம்தான் வரும், வடிவத்தை அட்டையைத் திருப்பி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கழுத்துக்கும் இரண்டு கைக்கும் இந்த நீளம் தாராளமாகப் போதும். கீழ்விளிம்புக்கு மட்டும் கதவுக் குமிழ்.