சோறாக்கிக் காத்திருப்பவர்: ‘கௌபாய் பீபாப்’ தொடர் விமர்சனம்

‘கௌபாய் பீபாப்’ தொடரின் முதல் அத்தியாயத்தில் ஒரு சமையல் காட்சி வருகிறது. ஜெட் பிளாக் குடமிளகாயை வதக்கித் தட்டில் போட்டு வைக்கிறார். மாட்டிறைச்சியும் சேர்த்துச் செய்ததாகச் சொல்லும் அந்தப் பதார்த்தத்தில் இறைச்சித் துண்டு ஒன்றுகூட இல்லை. இறைச்சி எங்கே என்று அவருடைய கூட்டாளி ஸ்பைக் கேட்கிறான். கையில் காசில்லாதபோது இதற்குப் பெயர் அதுதான் என்று சொல்லிவிடுகிறார் ஜெட். முதல் முறை பார்த்தபோது சிரித்துவிட்டு இதைக் கடந்து போனேன். இடையிலுள்ள தனிக்கதை அத்தியாயங்கள் சிலவற்றையும் தாண்டிவிட்டு, ஸ்பைக்கின் பழைய காதலையும் பழைய பகையையும் சொல்லும் தொடர் இது என்ற எண்ணத்தோடு முடித்தேன். பின்னர் ஒன்றையும் விடாமல் இரண்டு முறை பார்த்த பிறகு, அந்தச் சமையல் காட்சியில்தான் தொடரின் உறவுகள் எல்லாம் தொடங்குகின்றன என்று நம்புகிறேன்.

தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998இல் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய, 26 அத்தியாயங்கள் கொண்ட அனிமே, அதாவது ஜப்பானிய இயங்குபடத் தொடர் இது. சன்ரைஸ் நிறுவனத் தயாரிப்பு. இயக்கம் ஷினிச்சிரோ வாட்டனாபே, இசை யோகோ கன்னோ, திரைக்கதையின் முதன்மைப் பொறுப்பு கெய்கோ நொபுமோட்டோ. கதை நடப்பது 2071இல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விண்வெளிப் பாதை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நிலவு உடைந்து, அதன் கற்கள் பூமியின் மீது விழுந்துகொண்டே இருப்பதால், மனிதர்கள் செவ்வாய்க்கும் வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கும் சனியின் துணைக்கோளான டைட்டனுக்கும் சிதறிப் போயிருக்கிறார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைப்பவர்கள் நம் நாயகர்கள். அவர்கள் வாழும் பீபாப் என்ற விண்கப்பல், ஒரு காலத்தில் மீன்பிடிக் கப்பலாக இருந்தது.

அந்தக் கப்பலில் இருப்பவர்கள் நான்கு பேரும் ஒரு நாயும். ஸ்பைக் ஸ்பீகல் குற்றக் கும்பலில் இருந்து, செத்துப்போனவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டு தப்பியவன். ஜெட் காவல்துறையில் இருந்து வெளியேறியவர். அவருடைய இடது கை இயந்திரக் கை. ஃபே வாலன்டைன் விபத்துக்குப் பின் உறைநிலையில் 54 ஆண்டுகள் கிடந்து, நினைவு எதுவும் இல்லாமல், தலைக்கு மேல் கடனோடு கண்விழித்தவள். எட் கணினி வித்தை தெரிந்த சிறுமி. ஐன் நாய். பலரும் இவர்களை ‘ஒரு குடும்பம்’ என்று எழுதுவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஃபே பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறாள், திரும்பி வருகிறாள். அவளை யாரும் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் உறுதியாகச் சொல்வதில்லை. ஒருவர் காயத்தைப் பற்றி மற்றவர் கேட்பதில்லை. ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதையே இவர்கள் மரியாதை என்று வைத்திருக்கிறார்கள். குடும்பம் என்ற சொல் இந்த இடைவெளியை மூடிவிடுகிறது. தொடரோ அதை மூடாமல் காட்டுவதில்தான் உயர்ந்து நிற்கிறது.

ஜெட்டைப் புரிந்துகொள்ள 10ஆம் அத்தியாயம் வேண்டும். கனிமீடுக்குத் திரும்பும் அவர், சொல்லாமல் கொள்ளாமல் தன்னைவிட்டுப் போன காதலி அலிசாவை ஆண்டுகள் கழித்துச் சந்திக்கிறார். அவள் விட்டுச்சென்ற கடிகாரத்தை இத்தனை காலமும் வைத்திருந்தவர் அவர். ஏன் போனாய் என்பதற்கு அவள் தரும் விடை கொடுமையாலோ துரோகத்தாலோ வந்ததன்று. எல்லா முடிவுகளையும் ஜெட்டே எடுத்தார், அவை எப்போதும் சரியாகவும் இருந்தன, அவர் நிழலில் தான் செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று, தவறாக இருந்தாலும் தன் முடிவைத் தானே எடுக்க விரும்பினேன் என்கிறாள் அவள். அன்பு மிகுந்த ஒருவரின் குறை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லப்பட்டு வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்த அத்தியாயத்தின் முடிவில் ஜெட் கடிகாரத்தைத் தண்ணீரில் எறிகிறார். போன்சாய் மரங்களை வெட்டி வளைத்து வளர்க்கும் அதே மனிதர், பிற்பாடு கப்பலில் உள்ளவர்களை வளைக்க முனையாமல் இருப்பதற்கு இங்கே விதை விழுந்திருப்பதாகவே படுகிறது. முணுமுணுக்கிறார், திட்டுகிறார், ஃபே திரும்பி வருவதைப் பற்றி அக்கறையே இல்லாதவர் போல் பேசுகிறார். ஆனால் கதவைப் பூட்டுவதில்லை.

ஃபேயைப் பேராசைக்காரியாகவே முதல் பாதி காட்டும். 18ஆம் அத்தியாயத்தில் அவள் பெயருக்கு ஒரு பழைய வீடியோ கேசட் வருகிறது. அதை ஓட்டும் கருவிக்காக ஸ்பைக்கும் ஜெட்டும் பூமிக்குப் போய் இடிபாடுகளில் அலைந்து, கடைசியில் தவறான வகைக் கருவியைச் சுமந்து வருகிறார்கள். பிறகு சரியான கருவி கிடைத்து, திரையில் பள்ளிப் பருவத்து ஃபே தோன்றி, வருங்காலத்து ஃபேயை உற்சாகப்படுத்திக் கையசைத்து ஆடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேக்கு அந்தப் பெண் யாரென்றே நினைவில்லை. உடன் இருப்பவர்கள் ஆறுதல் சொல்வதில்லை; பேசாமல் அவளோடு சேர்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கேசட்டில் தெரியும் சிங்கத்தலையும் மீன்வாலும் கொண்ட சிலையைத் தமிழ் வாசகர்களில் பலர் நேரிலேயே பார்த்திருக்கலாம். அது சிங்கப்பூரின் மெர்லயன்.

24ஆம் அத்தியாயத்தில் அவள் அந்த ஊருக்கே போகிறாள். உடன் படித்த தோழி முதுமை எய்திச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வீடு இருந்த இடத்தில் மண்மேடுதான் மிச்சம். ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்து, தன் படுக்கை இருந்த இடத்தை வரைந்து, அந்தக் கோட்டுக்குள் படுத்துக்கொள்கிறாள். அதே நாளில் எட், தந்தையைத் தேடிக் கப்பலை விட்டுப் போகிறாள். ஐனும் பின்னால் ஓடுகிறது. கப்பலின் மேல்தளத்தில் எட் வரைந்துவிட்டுப் போன பெரிய சிரித்த முகம் மட்டும் இருக்கிறது. ஜெட் அவித்த முட்டைகளை எல்லோருக்குமாக எடுத்து வைத்திருக்கிறார். சாப்பிட இருப்பதோ இரண்டு ஆண்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், உரித்த முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் திணித்துக்கொள்கிறார்கள், வராதவர்களின் பங்கையும் சேர்த்து. அழுகை இல்லை, வசனம் இல்லை. இந்த ஒரு நிமிடத்துக்காகவே முந்தைய 23 அத்தியாயங்களையும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன்.

கடைசி அத்தியாயத்தில், பழைய காதலி ஜூலியாவை இழந்துவிட்டுக் கப்பலுக்கு வரும் ஸ்பைக் முதலில் கேட்பது சாப்பாடு. காலில் குண்டுபட்ட ஜெட் சமைத்துப் போடுகிறார். உண்டபடியே, பத்து லட்சம் முறை பிறந்து இறந்த ஒரு பூனையின் கதையைச் சொல்கிறான் ஸ்பைக். சொல்லி முடித்துவிட்டுத் தனக்குப் பூனையே பிடிக்காது என்கிறான். இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவன் சாவதற்குப் போகிறான் என்பது ஜெட்டுக்குத் தெரியும். அலிசாவிடம் அவர் கற்ற பாடத்தை இங்கே செய்து காட்டுகிறார்: தடுப்பதில்லை. தடுப்பவள் ஃபே. நினைவு திரும்பியும் போய்ச் சேர இந்த இடத்தைத் தவிர வேறு இடம் இல்லாதவள் அவள். போகாதே என்று சொல்லத் தெரியாமல், அவன் போன பின் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டுத் தீர்க்கிறாள். தன் ஒரு கண் செயற்கையானது என்றும், ஒரு கண்ணால் கடந்த காலத்தையும் மறு கண்ணால் நிகழ்காலத்தையும் பார்த்து வந்ததாகவும் ஸ்பைக் அவளிடம்தான் சொல்கிறான். அந்த நிகழ்காலக் கண்ணுக்கு எதிரில் நிற்பவள் அவளே என்பதை அவன் உணர்ந்தானா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

குறையும் உண்டு. விஷஸ் என்னும் எதிரிக்கு வாளும் தோளில் ஒரு பறவையும் கிடைத்த அளவுக்கு மனம் கிடைக்கவில்லை. அவன் ஸ்பைக்கை ஏன் இவ்வளவு வெறுக்கிறான் என்பது சைகையளவில் நின்றுவிடுகிறது. ஜூலியாவும் ஒரு பெண்ணாக வளராமல் ஒரு ஏக்கமாகவே இருக்கிறாள். ஸ்பைக் நினைவில் அவள் அப்படித்தான் இருப்பாள் என்று ஆதரவாக வாதிடலாம். ஆயினும் அவள் நேரில் வந்த பிறகாவது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாம்.

ஜப்பானிய ஒலியில் துணைத்தலைப்புகளோடு பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். 2018இல் மறைந்த உன்ஷோ இஷிசுகா ஜெட்டுக்குக் கொடுத்த குரலில், திட்டும்போதும் ஒரு கனிவு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். தனிக்கதைகளைத் தாண்டிவிட்டு ஸ்பைக்–விஷஸ் மோதலுக்கு விரைவாகப் போக நினைப்பவர்கள், நான் முதல் முறை இழந்ததையே இழப்பார்கள். குளிர்பெட்டியில் மறந்துபோன உணவு கெட்டு உயிர் பெற்று அலையும் 11ஆம் அத்தியாயம்கூட, அந்தச் சமையலறை யாருடையது, அதை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று தெரிந்த பிறகு வேறு மாதிரி இருக்கும்.