சீசன் டிக்கெட், தனி ஆவர்த்தனம், கேண்டீன் காப்பி: ஒரு சபாவில் கழித்த டிசம்பர்

சென்ற டிசம்பரில், சென்னையின் மார்கழி இசை விழாவின்போது, மயிலாப்பூரை ஒட்டிய ஒரு சபாவில் (கர்நாடக இசைக் கச்சேரி நடத்தும் சங்கத்தில்) விழா முழுவதற்குமான சீசன் டிக்கெட் வாங்கி, மாலைக் கச்சேரிகளில் பதினான்கும் மதியக் கச்சேரிகளில் ஆறும் கேட்டேன். போன நாளெல்லாம் அந்தச் சபாவின் கேண்டீனிலேயே சாப்பிட்டேன். இங்கே சொல்லும் நிறையும் குறையும் சென்னையின் பல சபாக்களுக்கும் பொருந்தும் என்பதால் பெயரை எழுதவில்லை. வரும் மார்கழிக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இருக்கை. டிக்கெட்டில் எனக்குக் கிடைத்தது பதினோராவது வரிசை. முன்னால் நான்கு வரிசைகள் புரவலர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் ஒதுக்கப்பட்டு, நாற்காலிகளின் முதுகில் நிறுவனப் பெயர் அச்சிட்ட தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. அந்த வரிசைகள் பல நாள் கச்சேரி முடியும்வரை காலியாகவே கிடந்தன. பாடகர் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது ஆளில்லாத நாற்காலிகள்தாம். பின்வரிசையில் நின்றுகொண்டு கேட்ட மாணவர்களை முதல் உருப்படி முடிந்ததும் முன்னால் அழைத்து உட்கார வைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இதைச் சபா அலுவலகத்தில் சொன்னேன். சிரித்த முகத்துடன் கேட்டுக்கொண்டார்கள், எதுவும் மாறவில்லை.

விளம்பரதாரர்களே வேண்டாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அரண்மனையும் ஜமீனும் கோயிலும் கலைஞர்களைப் புரந்த காலம் தேய்ந்துவந்தபோது, சென்னையின் வக்கீல்களும் அதிகாரிகளும் வணிகர்களும் சந்தா கட்டி வளர்த்த அமைப்புகளே இந்தச் சபாக்கள். திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தோன்றியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி உருவாயிற்று. தமிழ்ப் பாடலுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்திலிருந்து 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. காசு கொடுத்து வந்து உட்காரும் பொது அவை உருவானதும் பாட்டின் அமைப்பும் அதற்கேற்ப மாறியது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, பிரதான ராகத்தை விரித்து, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் விட்டு, துக்கடாக்கள் எனும் சிறு பாடல்களில் முடிக்கும் இன்றைய கச்சேரி முறை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்தது. பல ரசனைக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும் அவைக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இன்றுவரை வரவில்லை. ஆகவே வணிகம் இந்தக் கலைக்குள் நேற்று நுழைந்துவிட்டதாகப் புலம்புவது சரியாகாது. இரண்டும் நூறாண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. குடித்தனம் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒலியமைப்பு சுமார். மிருதங்கத்தின் ஒலி தேவைக்கு மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது; வர்ணத்தின் நடுவிலேயே பாடகர்கள் விரலை மேலும் கீழும் காட்டிச் சைகை செய்யும்படி ஆயிற்று. தம்பூராவை எல்லா நாளும் எலக்ட்ரானிக் பெட்டியிடம் விட்டுவிடாமல், மாலைகளில் ஒருவரை உட்கார வைத்து மீட்டச் செய்ததற்காக இந்தச் சபாவைப் பாராட்ட வேண்டும்.

இனி கேண்டீன். அரங்கத்தின் பின்புறம், தகரக் கூரை போட்டு வெள்ளைத் துணி கட்டிய பந்தலில் அது நடந்தது. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் தாராளமாக வரலாம். மதியச் சாப்பாட்டுக்காக மட்டும் தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களைச் சந்தித்தேன். அவர்கள் அரங்கத்தின் வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. சமையல் உண்மையிலேயே உயர்தரம். தலைவாழை இலையில் வாழைப்பூ உசிலி, மணத்தக்காளி வத்தக்குழம்பு, கட்டித் தயிர், மெல்லிய அப்பளம் என்று இலை நிறையும். மாலையில் கீரை வடையும், ஓரம் முறுகிய ரவா தோசையும், நெய் மினுங்கும் அசோகா அல்வாவும் கிடைக்கும். பரிமாறியவர்களின் பொறுமை மறக்கக்கூடியதன்று. கூட்டம் நெரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், கை நடுங்கிய முதியவர் ஒருவருக்கு ரசத்தை இலையில் விடாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, "மெதுவா சாப்பிடுங்க மாமா, பந்தி எங்கயும் போயிடாது" என்று சொன்ன இளைஞரை அருகிலிருந்து பார்த்தேன். விலை, வெளியே ஒரு நல்ல சைவ உணவகத்தில் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதல். தரத்துக்கு அது தகும்.

அந்தப் பந்தலை வெறும் உணவுக்கடை என்று சொல்லிவிட முடியாது. முந்தின இரவு பாடிய காம்போதி ராகத்தில் எந்தப் பிடி (ராகத்தைக் காட்டும் ஸ்வரச் சேர்க்கை) பழைய பாணி என்று இரண்டு பெண்மணிகள் இலை காயக் காய வாதிட்டதையும், கடல் கடந்து வந்த ஒரு மாணவி தன் குருவின் பழைய சிஷ்யை ஒருவரை இட்லித் தட்டுடன் நிற்கும்போது தற்செயலாகச் சந்தித்து அழுததையும் அங்கேதான் கண்டேன். 2020-இல் கொரோனாவால் சீசன் இணையத்துக்குப் போனபோது கச்சேரிகளை வீட்டிலிருந்து நன்றாகவே கேட்டேன், ஏதோ குறைந்தது. குறைந்தது இந்தப் பேச்சுதான் என்று இப்போது புரிகிறது.

ஆனால் இதே கேண்டீனால்தான் எனக்கு மிகப் பெரிய மனக்குறையும் வந்தது. பிரதான உருப்படியில் நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) ஸ்வரமும் முடிந்து பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும், அரங்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர் எழுந்துவிடுகிறார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெய் மணமும் டவரா டம்ளர் ஓசையும் உள்ளே வருகின்றன. மேடையிலோ, அதுவரை இரண்டு மணி நேரம் பாட்டுக்குத் துணை நின்ற ஒருவருக்குத் தம் வித்தையைக் காட்ட அந்தப் பதினைந்து நிமிடங்களே கிடைக்கின்றன. ஒரு மாலை நான் கேட்ட தனியில், மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, படிப்படியாகச் சுருக்கி வாசிக்கும் குறைப்புக்கு வந்து, இருவரும் சேர்ந்து முத்தாய்ப்பான மோரா வைத்து, கணக்கிட்டு அமைத்த இறுதித் தொகுப்பான கோர்வையை மும்முறை அடுக்கிப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் மயிரிழை பிசகாமல் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கணக்கு விழுந்த இடத்தில் மீதமிருந்த அவை ஒரே மூச்சில் கைதட்டியது. எழுந்து போனவர்கள் இழந்தது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது என்பதே என் வருத்தம். பசிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வடையும் தோசையும் அந்த நேரத்துக்குச் சூடாக வருமாறு கேண்டீன் திட்டமிடுவதும், சபா அதைத் தடுக்காமல் இருப்பதும்தான் தவறு. தனி தொடங்கியதும் டோக்கன் கவுண்டரைக் கால் மணி நேரம் மூடி வைப்பது கடினமான காரியமில்லை.

மதியக் கச்சேரிகளின் நிலை இதைவிட வேதனை தரும். அவற்றுக்கு அனுமதி இலவசம். ஒரு நாள் இரண்டு மணிக் கச்சேரியில் பாடிய இளம்பெண் தோடி ராகத்தை அத்தனை நிதானமாக விரித்தார். அவையில் பெற்றோர், குரு, நான் உட்படப் பதினேழு பேர் இருந்தோம். அதே நேரம் பின்னால் சாப்பாட்டுக்கு வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கத்தில் அன்றைய மதியக் கலைஞர்களின் பெயரையும் நேரத்தையும் அச்சிட்டுக் கொடுத்தால், உண்டு முடித்தவர்களில் பத்துப் பேராவது உள்ளே வந்து உட்காருவார்கள். விளம்பரப் பலகைக்குக் கிடைக்கும் இடம் அந்தப் பெண்ணின் பெயருக்கும் கிடைக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வரும் ஆண்டும் டிக்கெட் எடுக்கப் போகிறேன். நாள்தோறும் வர இயலாதவர்களுக்குச் சீசன் டிக்கெட் கட்டுப்படியாகாது. பிடித்த நான்கைந்து மாலைகளுக்குத் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, மதியக் கச்சேரிகளை இலவசமாகக் கேட்பதே அவர்களுக்கு உகந்தது. வாங்கும்போது மேடையைப் பார்த்து உட்காருகையில் நமக்கு வலப்பக்கம் அமையும் நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். மிருதங்கம் பெரும்பாலும் நமக்கு இடப்புறம், வலக்கையால் வாசிக்கும் பக்கமான வலந்தலையை அவைக்குக் காட்டியபடி இருக்கும். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போன்ற இடக்கை வித்துவான் என்றால் மட்டும் மேடையில் பக்கம் மாறும். ஆறு மணிக்கு முன்பே காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.