டிஃப்ராக்: வின்டோஸோடு வருவது போதுமா, வெளியிலிருந்து எடுத்துப் போட வேணுமா?

எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கு வயது பத்துக்கு மேல். உள்ளே சுழலும் வகை ஹார்ட் டிஸ்க், 1 டிபி. அதைச் சி, டி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சியில் வின்டோஸ் 10. டியில் மிச்சம் எல்லாம்: தங்கச்சியின் கலியாண வீடியோ, மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள், கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய பழைய அல்பங்களின் ஸ்கேன், நூலகம் தளத்திலிருந்து நான் இறக்கிக் குவித்த பிடிஎஃப்கள். போன வருடம் ஒரு நாள் மகள் சொன்னாள்: "அப்பா, உதைப் போட்டிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் கிடக்குது."

புதுக் கணினி வாங்கக் காசில்லை. அதனால் டிஃப்ராக் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். நாலைந்து மாதம் வெவ்வேறு மென்பொருட்களை மாறி மாறிப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிற்பது வின்டோஸோடு கூட வருகிற டிஃப்ராக் பக்கம். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், நீங்கள் வேறு இடங்களில் படித்த காரணமாக இராது.

டிஃப்ராக் என்றால் என்ன என்பது பலருக்குத் தெரியும். பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு குடும்பம் ஏறுகிறது. ஆறு பேருக்கும் ஆறு மூலையில்தான் இடம் கிடைக்கிறது. இறங்கும்போது எல்லாரையும் சேர்த்துக்கொண்டு இறங்க நேரம் எடுக்கும். கோப்பும் அப்படித்தான். டிஸ்க் நிரம்பிப் போய், சேர்ந்தாற்போல வெற்றிடம் கிடைக்காதபோது, வின்டோஸ் அதைத் துண்டு துண்டாக வைத்துவிடுகிறது. டிஃப்ராக் அந்தக் குடும்பத்தை ஒரே வரிசையில் இருத்துகிறது. அவ்வளவுதான்.

என் முதல் டிஃப்ராக் அனுபவம் 2002 இல். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்து மச்சான் ஒருவன் வின்டோஸ் 98 போட்ட கணினி ஒன்றைக் கொண்டு வந்தான். அதில் டிஃப்ராக் ஓடும்போது நிறம் நிறமாகச் சின்னச் சதுரங்கள் இடம் மாறும். நாங்கள் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். இடையில் வேறு ஏதாவது மென்பொருள் டிஸ்க்கில் ஒரு எழுத்து எழுதினாலும் முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த காலம். ஒரு தடவையாவது 100 சதவீதம் போனதை நான் கண்ணால் காணவில்லை.

சரி, இன்றைய போட்டிக்கு வருவோம்.

"பூஸ்டர்" வகையை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். டிஃப்ராக், ரெஜிஸ்ட்ரி துப்புரவு, வேகம் கூட்டல் எல்லாம் ஒரே பொதியில் தரும் இலவச மென்பொருட்கள் இவை. நான் போட்ட ஒன்று, போட்ட அன்றே பிரவுசரின் தேடல் பக்கத்தை மாற்றியது. மறுநாள் காலை அம்மா பதறிக்கொண்டு கூப்பிட்டா. திரையில் சிவப்பு எழுத்தில், கணினியில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் இருக்கின்றன, காசு கட்டினால் திருத்தலாம் என்று நிற்கிறது. அதைக் கழற்றி எறிய ஒரு பின்னேரம் போனது. அதன் டிஃப்ராக் நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். நான் அதைப் பார்க்கும் அளவுக்குப் பொறுக்கவில்லை.

மைடிஃப்ராக் பற்றிப் பழைய ஆட்கள் இன்னும் பெருமையாகக் கதைப்பார்கள். கோப்புகளை வகை பிரித்து, அடிக்கடி தேவைப்படுவதை டிஸ்க்கின் வேகமான வெளி விளிம்புப் பக்கம் அடுக்குகிற கெட்டிக்கார மென்பொருள் அது. ஆனால் கடைசிப் பதிப்பு வந்தது 2010 இல். ஆசைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

வின்டோஸுக்கு எதிராக உண்மையில் நிற்கக்கூடியது டிஃப்ராக்லர். சிகிளீனரைச் செய்த பிரிஃபோர்ம் நிறுவனத்தினுடையது, இலவசம். இதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. எந்தக் கோப்பு எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். வேண்டிய கோப்பை மட்டும் தெரிந்து அதை மட்டும் சேர்க்கச் சொல்லலாம். வின்டோஸின் டிஃப்ராக் திரையில் இது கிடையாது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு பக்கமும் உண்டு. பழைய சதுரங்களும் இருக்கின்றன, பார்த்துக்கொண்டிருக்கலாம். குறை என்றால், 2018 இல் வந்த பதிப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் என் கணினியில் ஒரு கோளாறும் செய்யவில்லை.

"வெளி மென்பொருள் பாதுகாப்பில்லை, கோப்பு பழுதாகிவிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. வின்டோஸ் என்டி என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்து வின்டோஸ் தானே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. "இந்தத் துண்டை அங்கே மாற்று" என்று மென்பொருள் கேட்கும், மாற்றுவது வின்டோஸ்தான். டிஃப்ராக்லரும் அந்த வழியால்தான் போகிறது, வின்டோஸின் சொந்த டிஃப்ராக்கும் அந்த வழியால்தான். துண்டைப் புது இடத்தில் எழுதி முடித்த பிறகே கணக்குப் புத்தகத்தில் விலாசம் மாறும். ஆகவே இந்த விஷயத்தில் இருவருக்கும் சம புள்ளி.

பிறகு எங்கே வித்தியாசம்? நேரத்தில். எங்கள் ஊரில் நேரம் என்றால் கரண்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிஃப்ராக்லரில் டி டிரைவ் முழுவதையும் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்த்தால் பாதிகூட ஓடவில்லை. கலியாண வீடியோ ஒவ்வொன்றும் பல ஜிபி. அவற்றை முழுசாகத் தூக்கி இன்னொரு இடத்தில் வைக்க இடம் தேடி, இடம் காணாமல் வேறு கோப்புகளை நகர்த்தி, திரும்பவும் தூக்கி... மூன்று மணிபோலக் கரண்ட் போனது. என் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். நிறுத்தினேன். சேர்த்த வரைக்கும் சேர்ந்ததுதான், அதில் நட்டமில்லை. ஆனால் ஒரு நாள் போய்விட்டது.

அடுத்த கிழமை சியை டிஃப்ராக்லரிடமும் டியை வின்டோஸிடமும் மாற்றிக் கொடுத்தேன். வின்டோஸ் டியை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடித்துவிட்டது. முதலில் நம்பவில்லை, ஏதோ ஏய்க்கிறது என்று நினைத்தேன். முதல் கிழமை டிஃப்ராக்லர் பாதி வேலையைச் செய்து வைத்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெரிய காரணம் வேறு. விஸ்டா பதிப்பிலிருந்து வின்டோஸ் டிஃப்ராக் 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடுவதில்லை. சோம்பலில்லை, கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 தரம் சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் கீழே வரச் சராசரி அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கன் சொச்சம். வாசிக்கும் முனை இடம் மாற ஒரு 9 என்று வைத்தால், ஒரு துண்டிலிருந்து அடுத்ததுக்குப் போக ஏறத்தாழ 13 மில்லிசெக்கன். 64 எம்பியைச் செக்கனுக்கு 100 எம்பி வேகத்தில் வாசிக்க 640 மில்லிசெக்கன். 640க்கு முன்னால் 13 என்றால் இரண்டு சதவீதம். அதற்காக அந்தத் துண்டைத் தூக்கிச் சுமப்பதில் பிரயோசனமில்லை. மறுபக்கம், 1 எம்பிக் கோப்பு ஒன்று 4 கேபித் துண்டுகளாக முழுக்கச் சிதறிக் கிடந்தால் 256 துண்டு. ஒவ்வொன்றுக்கும் 13 என்றால் மூன்று செக்கனுக்கு மேல். சேர்ந்திருந்தால் நூறில் ஒரு செக்கன்தான். அப்படி மோசமாக எல்லாக் கோப்பும் சிதறாது. ஆனால் நோவு எங்கே என்று இது காட்டுகிறது: சின்னத் துண்டுகளில். வின்டோஸ் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் ஏழு மணித்தியாலம் ஓடுகிற வேலை என்பது பகிடிக் கதை. இப்போது நிலைமை அப்படியில்லை, மெய்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கையே கழற்றி வைக்கிற ஆட்கள் நாங்கள். சமைத்துச் சாப்பிட்டு எழும்பும் நேரத்துக்குள் முடிகிற வேலைதான் எங்கள் வீட்டில் முடியும்.

வின்டோஸ் பக்கம் நின்றாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் வீண். வின்டோஸ் 10 டிஃப்ராக்கைக் கிழமைக்கு ஒருமுறை தானாகச் செய்யும் என்பார்கள். உண்மைதான். அதற்கான பராமரிப்பு நேரம் இயல்பில் அதிகாலை 2 மணி. அப்போது கணினி போட்டபடி இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் எது இரவில் போட்டபடி இருக்கிறது? பிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் சுவரில் நிப்பாட்டிவிட்டுத்தான் படுப்போம். தவறிய வேலையைப் பகலில் கணினி சும்மா இருக்கும்போது செய்யப் பார்க்கும். ஆனால் சும்மா இருக்க நாங்கள் விட்டால்தானே. வேலை முடிந்ததும் நிப்பாட்டுவோம், கரண்ட் பில் யார் கட்டுவது? என் கணினியில் அந்தத் திரையை முதன்முதலாகத் திறந்தபோது, கடைசியாக ஓடியது எட்டு மாதத்துக்கு முதல் என்று காட்டியது. தானாக நடக்கும் என்று நம்பியிருந்த எட்டு மாதம்.

ஆகவே நான் செய்வது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, சமையல் தொடங்கும்போது ஸ்டார்ட்டில் "டிஃப்ராக்" என்று தட்டி அந்தத் திரையைத் திறந்து, முதலில் ஆராயச் சொல்வேன். பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூடிவிட்டுப் போய்விடுவேன். அந்தப் பத்து என் மனக்கணக்கு, அதை வேதமாக எடுக்க வேண்டாம். மேலே இருந்தால் ஓடவிட்டுச் சாப்பிடப் போவேன். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்காது, விளம்பரம் காட்டாது, அம்மாவைப் பதறவைக்காது. டிஃப்ராக்லரையும் நான் அழிக்கவில்லை. ஏதாவது ஒரு கோப்பு மட்டும் இழுபட்டால் எத்தனை துண்டு என்று பார்த்து அதை மட்டும் சேர்க்க, அதைப்போல வசதியானது வேறில்லை.

எதை ஓட்டினாலும், அதற்கு முதல் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டினாலோ, டிஸ்க்கில் "டக் டக்" என்று சத்தம் கேட்டாலோ டிஃப்ராக் பக்கமே போக வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை மணிக்கணக்காக ஓட வைப்பது அதைக் கெதியாக அனுப்பிவைக்கிற வேலை. முதலில் படங்களைக் கொப்பி எடுங்கள். வெற்றிடமும் பாருங்கள்: எக்ஸ்பி காலத்து டிஃப்ராக் 15 சதவீதம் காலியாக வேண்டும் என்று கேட்கும். இன்றைக்கும் அது நல்ல அளவுதான். நான் இரண்டு தரம் இறக்கி வைத்திருந்த படங்களை அழித்ததிலேயே பாதி வருத்தம் தீர்ந்தது.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். டியில் படக் கோப்புறைகள் திறப்பது நன்றாகத் தெரிகிற அளவுக்கு வேகமானது. கணினி எழும்பும் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து இரண்டே முக்காலுக்கு வந்திருக்கும், அதுவும் என் கைக்கடிகாரக் கணக்கு. மகள் ஒரு மாற்றமும் இல்லை என்றாள்.

அவள் வாயை அடைத்தது 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலாமல் சிப்பில் எழுதி வைக்கிற டிஸ்க். சித்திரை வருடப்பிறப்புக்கு அண்ணா அனுப்பிய காசில் நகரத்துக் கடை ஒன்றில் வாங்கி, சியை அதற்கு மாற்றினேன். இப்போது தேத்தண்ணித் தண்ணி சூடாகுமுன் வின்டோஸ் வந்துவிடும். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை, துண்டுக்குத் துண்டு போகிற தாமதம் கணக்கிலேயே வராது. டிஃப்ராக் செய்தால் எழுத்துத்தான் வீணாகும்; எனதுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 80 டிபி எழுத்து. இங்கேயும் வின்டோஸின் சொந்த மென்பொருளுக்கே என் வாக்கு. எது எஸ்எஸ்டி, எது சுழலும் டிஸ்க் என்று தானே பார்த்து, எஸ்எஸ்டிக்கு வழமையாக டிரிம் மட்டும், அதாவது அழித்த கோப்புகளின் இடம் எது என்று சொல்லும் கட்டளை மட்டும், அனுப்பும். பழைய வெளி மென்பொருள் ஒன்றில் எல்லாவற்றையும் தெரிந்து "தொடங்கு" என்று அமத்துகிற கைகள் எங்கள் வீட்டில் உண்டு.

பழைய ஹார்ட் டிஸ்க் இப்போது முழுக்க டிக்குத்தான். மாதத்து ஞாயிறு டிஃப்ராக்கும் தொடர்கிறது. போன தரம் டிஃப்ராக்லரில் பார்த்தேன், தங்கச்சியின் கலியாண வீடியோ இன்னும் 31 துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் பெரிய துண்டு, வின்டோஸ் தொடவில்லை. அம்மா மாதத்தில் ஒருதரம் போட்டுப் பார்க்கிறா. தாலி கட்டுற இடத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை.