பேக்கப் எடுத்தாச்சு என்றார்கள், நம்பினேன்: 4,500 போச்சு, 180 ஜிபியும் போச்சு

பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்து இன்னும் சூடு ஆறவில்லை. லேப்டாப், போன், பிரிண்டர் எல்லாம் பார்க்கிற ஒரு சர்வீஸ் கடை. பெயர் எழுதவில்லை. "முழு பேக்கப் எடுத்து, புது விண்டோஸ் போட்டு, எல்லாத்தையும் திரும்ப ஏத்தித் தர்றோம்" என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கினார்கள். வேலை முடிந்து வந்த லேப்டாப்பில் டி டிரைவே (விண்டோஸ் இருக்கும் சி டிரைவைத் தவிர, கோப்புகளுக்கென்று டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி) இல்லை. அதில் இருந்தது 180 ஜிபி. மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், வீடியோக்கள், என் மாமனார் உயிரோடு இருந்தபோது உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்த ஆடியோக்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் கடையில் "இனிமே இதை நெட்ல போட்டாலே வைரஸ்தான், இன்னைக்கே மாத்திடுங்க" என்றார்கள். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டம் இருப்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் லேப்டாப் இன்டெல் 6ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது பொதுவாக 8ஆம் தலைமுறை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். அந்தச் சோதனையைத் தாண்டித்தான் போட்டிருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாப்டே சொல்கிறது. வாங்கும்போது 4,500, இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சரி, நான் நம்பிய இடத்துக்கு வருகிறேன். எல்லோரும் இங்கேதான் ஏமாறுவார்கள்.

என் எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். பேக்கப் முடிந்தது என்று கூப்பிட்டார்கள். ஃபார்மேட் செய்யும் முன் காட்டுங்கள் என்று கேட்டேன். கடைப் பையன் உடனே எக்ஸ்டர்னல் டிஸ்கைத் திறந்தார். 'குடும்பப் படங்கள்', 'மாமா பேச்சு' என்று என் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினார், படங்கள் கடகடவென்று வந்தன. "பாத்துக்கோங்க அக்கா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார். என் மகனின் முகம் திரையில் தெரிகிறது, இதற்கு மேல் என்ன கேட்பது? ஃபார்மேட் செய்யுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து அதே டிஸ்கைச் செருகி, அதே ஃபோல்டரைத் தட்டினால், கோப்பு நகர்த்தப்பட்டிருக்கலாம் அல்லது அழிக்கப்பட்டிருக்கலாம் என்ற அறிவிப்பு வருகிறது. ஒவ்வொன்றின் அளவும் 2 கேபி. அவை ஃபோல்டர்களே இல்லை, வேறு இடத்தில் இருக்கும் ஃபோல்டரைச் சுட்டிக்காட்டும் ஷார்ட்கட்டுகள். சி டிரைவில் இருந்த டெஸ்க்டாப்பை மட்டும் அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். உண்மையான படங்கள் டி டிரைவில். கடையில் தட்டியபோது திறந்தது ஏனென்றால் அப்போது டி டிரைவ் அதே லேப்டாப்பில் உயிரோடு இருந்தது, ஷார்ட்கட் அங்கே போய்த் திறந்து காட்டியது. ஐந்து நிமிடத்தில் அந்த டி டிரைவையே அழித்தார்கள். தினமும் இதே வேலை செய்கிறவருக்கு ஷார்ட்கட்டின் மூலையில் இருக்கும் அம்புக்குறி தெரியாதா? 180 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் மொத்தம் 11 ஜிபி இருப்பது கண்ணில் படாதா?

டி டிரைவை ஏன் தொட்டார்கள் என்றால், சில பழைய லேப்டாப்களில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும், விண்டோஸ் 11-க்காக அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். டேட்டாவை அழிக்காமல் மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லாப் பார்ட்டிஷனையும் (சி, டி போன்ற பகுதிகளை) அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது சீக்கிரம் முடிந்துவிடும். அந்தச் சீக்கிரத்துக்குத்தான் என் 4,500.

அடுத்து நடந்ததுதான் இன்னும் எரிகிறது. போன் செய்தால், "சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல பாருங்க" என்றார்கள். பழைய கோப்புகளை அழிக்காமல் புது விண்டோஸ் போட்டால் அவை போய் இருக்கும் ஃபோல்டர் அது; பார்ட்டிஷனையே அழித்துப் போட்டால் எங்கிருந்து வரும்? நேரில் போனால், "டி டிரைவும் வேணும்னு நீங்க சொல்லலையே." எல்லாம் வேண்டும் என்றுதானே சொன்னேன், முழு பேக்கப் என்றுதானே ரசீதில் எழுதியிருக்கிறது என்று காட்டினேன். உடனே ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல' என்ற வரியைக் காட்டினார்கள். முதலாளியைக் கேட்டால் வெளியே போயிருக்கிறார். மறுபடி கேட்டாலும் வெளியேதான்.

கடைசியில் "வெச்சுட்டுப் போங்க, பாக்குறோம்" என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன். ரிகவரி செய்யவில்லை, அதே டிஸ்கில் விண்டோஸை இன்னொரு தடவை போட்டு வைத்திருக்கிறார்கள்! என்னுடையது சாதாரண ஹார்டு டிஸ்க். அழித்தாலும் அதன் மேல் வேறு எதையும் எழுதாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. புது விண்டோஸ் என்றால் எத்தனையோ ஜிபி, அதை இரண்டாம் முறையாக அதன் மேலேயே எழுதிவிட்டார்கள். பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், "வேலை பாத்தாச்சே அக்கா, 4,500 வேலைக்குத்தானே." ரிகவரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம்.

கவனிக்க வேண்டியதை விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பேக்கப்பை அதே லேப்டாப்பில் திறந்து காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் செருகித் திறக்கச் சொல்லுங்கள். சி, டி எல்லாவற்றிலும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முன்பே எழுதி வைத்து, பேக்கப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். லேப்டாப்பில் இரண்டு பேருக்குத் தனித்தனி யூசர் இருந்தால் இரண்டையும் பாருங்கள். பேக்கப் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோ அதில் ஏறாது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வையுங்கள். ஒன்டிரைவில் (மைக்ரோசாப்டின் ஆன்லைன் சேமிப்பில்) இருக்கிறது என்று யாராவது சொன்னால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். ஏதாவது அழிந்துவிட்டது என்று தெரிந்தால் லேப்டாப்பை உடனே அணைத்துவிடுங்கள், அதே கடையில் மட்டும் திரும்பக் கொடுக்காதீர்கள். ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்றால் மீட்பது இன்னும் கஷ்டம்.

ரசீதை வைத்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் இரண்டு முறை மேலே ஏறிய ஹார்டு டிஸ்கிலிருந்து யாராவது படங்களை மீட்டிருக்கிறீர்களா? இருந்தால் எந்த மாதிரி ஆளிடம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், இன்றைக்கே போகிறேன்.