மனக்காயத்துக்கு எது: மூச்சைக் கவனிப்பதா, நினைவை எதிர்கொள்வதா?

நடந்ததைப் பேசவே வாய் வராதவர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் கவனம் வைக்கும்) வழி இதமாக இருக்கும். 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் தொடங்கிய 8 வாரப் பயிற்சி, நினைவைக் கிளறாமல் மூச்சையும் உடலையும் கவனிக்கச் சொல்கிறது. (அது முதலில் மனக்காயத்துக்காக வந்ததல்ல, நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்காக வந்தது.) ஒரு சிக்கல் உண்டு. கண்ணை மூடி அமர்ந்தாலே சிலருக்குப் பழைய காட்சி எழுந்து நிற்கும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கலாம், நடந்துகொண்டேகூடச் செய்யலாம்.

1987இல் பிரான்சின் ஷாபிரோ தொடங்கிய இஎம்டிஆர் என்ற கண்ணசைவுச் சிகிச்சை இதற்கு நேரெதிர். சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர்ந்தபடி, அந்த நினைவையே மனத்தில் கொண்டுவர வேண்டும். கடினம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பிடிஎஸ்டிக்கு (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்புக்கு) பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. கெட்ட கனவும் திடுக்கிடலும் அன்றாடத்தையே முடக்கினால் என் ஓட்டு இதற்கே. பதற்றம் தணிய மூச்சுப் பயிற்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.